ஜே ரைட்டுக்குப் பிறகு வில்லனோவா (2025 ஏப்ரல்): மூன்று வருடம் போய்விட்டது, இனி என்ன?

லான்காஸ்டர் சாலை எழுதியது:

அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு, அதாவது நமக்கு, புதுக் கோச் வந்தாயிற்று. என்சிஏஏ போட்டியில் (மார்ச்சில் நடக்கும் கல்லூரிகளின் தேசியக் கோப்பைப் போட்டி) மேரிலாந்தை ஸ்வீட் 16, அதாவது கடைசி 16 அணிகள் வரை கூட்டிப்போன கெவின் வில்லர்ட், ஃப்ளோரிடாவிடம் தோற்ற கையோடு மார்ச் 30 அன்று நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டார். ஜே ரைட்டுக்குப் பிறகு வந்த கைல் நெப்டியூனை மார்ச் 15 அன்றே அனுப்பிவிட்டார்கள். மூன்று சீசன், 54 வெற்றி, 47 தோல்வி. என்சிஏஏ போட்டிக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. ஜே ரைட்டின் 21 சீசன், 520 வெற்றி, நான்கு ஃபைனல் ஃபோர் (அரையிறுதி), 2016, 2018 கோப்பைகள் எல்லாம் பார்த்த கண்ணுக்கு இது தாங்காது என்பது எனக்கும் புரிகிறது.

ஆனால் மூன்று வருடமாக நாம் நெப்டியூனைத் திட்டுவதிலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டோம். அவர் போய்விட்டார். இப்போதாவது பேச வேண்டியதைப் பேசலாம்: ஜே ரைட் உண்மையில் என்ன வைத்திருந்தார், அதில் எதை மீட்க முடியும்?

2018 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் என்சிஏஏ போட்டியில் ஆறு ஆட்டத்தையும் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மிக்கல் பிரிட்ஜஸ் முதல் வருடம் ஆடவே இல்லை, ரெட்ஷர்ட், அதாவது அணியில் இருந்து பயிற்சி மட்டும். டான்டே டிவின்சென்சோவுக்கு முதல் சீசனின் ஆரம்பத்திலேயே பாதத்தில் எலும்பு முறிந்து அந்த வருடமே போய்விட்டது. எரிக் பாஸ்கல் ஃபோர்டம் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர், பழைய விதிப்படி ஒரு வருடம் உட்கார்ந்தார். ஓமரி ஸ்பெல்மேனை என்சிஏஏவே ஒரு வருடம் உட்கார வைத்தது. அந்த அணியின் ஆறு முக்கிய ஆட்டக்காரர்களில் நான்கு பேர் இங்கே வந்த முதல் வருடத்தில் கிட்டத்தட்ட முழுக்கச் சீருடை போடாமல், பயிற்சியில் மட்டும் வளர்ந்தவர்கள்! அந்த நால்வரில் ஒருவரான டிவின்சென்சோதான் பெஞ்சிலிருந்து வந்து இறுதி ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 31 புள்ளி அடித்தார்.

இன்று அப்படி ஒரு வருடம் யார் உட்காருவார்கள்? போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) பேரைப் போட்டால் அடுத்த வாரமே வேறு கல்லூரி பணத்தோடு வாசலில் நிற்கும். நம் அணியின் பலம் எந்த மண்ணில் வளர்ந்ததோ அந்த மண்ணே மாறிவிட்டது. வில்லர்டை விடுங்கள், யார் வந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல தொடக்கம். நான் ஒரு கணக்கை மட்டும் வைக்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம்.

ஜே ரைட்டின் முதல் மூன்று சீசன்: 19-13, 15-16, 18-17. கூட்டினால் 52 வெற்றி, 46 தோல்வி. மூன்று வருடமும் என்ஐடி போட்டிதான் (என்சிஏஏவில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவது), என்சிஏஏ இல்லை. நெப்டியூன் 54-47. கிட்டத்தட்ட ஒரே எண். 2003இல் தொலைபேசி அழைப்புக் குறியீட்டைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்தடை வேறு விழுந்தது. அன்று இன்றைய அவசரம் இருந்திருந்தால் ஜே ரைட்டையும் நான்காவது சீசனுக்கு முன்பே அனுப்பியிருப்பார்கள். நான்காவது சீசனில் 24-8, ஸ்வீட் 16. அந்த வருடம் கோப்பையை வென்ற நார்த் கரோலைனாவிடம் ஒரே ஒரு புள்ளியில், ஆலன் ரே மீது கொடுத்த அந்த ட்ராவலிங் (பந்தைத் தட்டாமல் கால் வைத்த தப்பு) விசிலோடு தோற்றோம்.

நெப்டியூனை நீக்கியது தவறு என்று சொல்ல வரவில்லை. ஃபைனல் ஃபோர் போன அணியைக் கையில் வாங்கியவரையும், என்ஐடி அணியை வாங்கியவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் வில்லர்டுக்கு எத்தனை வருடம் கொடுப்பது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பழைய ரசிகன் எழுதியது:

தம்பிகளா, இந்தக் கதை வில்லனோவாவுக்குப் புதிதில்லை. நீங்கள் எல்லாம் ஜே ரைட்டிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். ராலி மாசிமினோவிலிருந்து ஆரம்பியுங்கள்.

1985இல் எட்டாம் நிலை அணியாக உள்ளே போய், பேட்ரிக் யூயிங் இருந்த ஜார்ஜ்டவுனை 66-64 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். 28 முறை எறிந்து 22 முறை கூடையில் போட்டார்கள். எட்டாம் நிலையிலிருந்து கோப்பை வென்ற அணி இன்றுவரை வேறு கிடையாது. மாசிமினோ அதற்குப் பிறகும் ஏழு வருடம் இருந்தார், 1992இல் லாஸ் வேகாஸ் போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? அவரிடமே உதவிக் கோச்சாக இருந்த ஸ்டீவ் லாப்பாஸை. இன்றைக்கு நெப்டியூன் கதையில் நடந்தது போலவே, வெளியே ஒரு சின்னக் கல்லூரியில் தலைமைக் கோச்சாக இருந்துவிட்டுத் திரும்பி வந்த உள்வீட்டு ஆள்.

லாப்பாஸ் மோசமான கோச் இல்லை. கெர்ரி கிட்டில்ஸை வைத்து 1995இல் நம் லீகான பிக் ஈஸ்டின் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே வருடம் என்சிஏஏ முதல் சுற்றில் ஓல்ட் டொமினியனிடம் மூன்று ஓவர்டைம் போய்த் தோற்றதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருடம் இருந்தார். நல்ல அணிதான், ஆனால் மார்ச் மாதத்தில் ஏதாவது ஒன்று குறையும். 2001இல் அவர் போனபோது வந்தவர் யார்? ஹோஃப்ஸ்ட்ராவிலிருந்து ஜே ரைட். அவரும் மாசிமினோவின் உதவிக் கோச்தான்!

ஒரே குருவிடம் பயின்ற இரண்டு சீடர்கள். ஒருவருக்கு வாய்த்தது, ஒருவருக்கு வாய்க்கவில்லை. ஆக "உள்வீட்டு ஆளைப் போட்டதுதான் தப்பு" என்று சொல்பவர்களுக்கு நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. "உள்வீட்டு ஆள்தான் வேண்டும்" என்பவர்களுக்கும் அதே வரலாற்றில் பதில் இருக்கிறது.

டர்ஹம் நீலம் எழுதியது:

நான் டியூக் ரசிகன். எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பெரிய கோச்களும் 2022 ஏப்ரலில், ஒரே ஃபைனல் ஃபோரோடு விடைபெற்றார்கள்.

எங்கள் கோச் கே (மைக் ஷஷெவ்ஸ்கி) ஒரு வருடம் முன்பே அறிவித்துவிட்டார். 2021 ஜூனிலேயே ஜான் ஷையர்தான் அடுத்தவர் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு வருடம் முழுக்க அடுத்த பேட்ச் மாணவர்களைச் சேர்க்கும் வேலையை ஷையர் தன் பெயரிலேயே செய்தார். முதல் வருடமே எங்கள் லீகான ஏசிசியின் கோப்பை, அடுத்த வருடம் எலீட் எய்ட் (கால் இறுதி), இந்த வருடம் கூப்பர் ஃப்ளாகை வைத்து ஃபைனல் ஃபோர். ஹியூஸ்டனிடம் கையிலிருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் விட்டது இன்னும் வலிக்கிறது, அது வேறு விஷயம்.

உங்கள் ஜே ரைட் ஏப்ரல் 20 அன்று திடீரென்று சொன்னார். அன்றே நெப்டியூன் பெயரும் வந்தது. போர்ட்டலில் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த நேரம். நெப்டியூன் ஃபோர்டமில் ஒரே ஒரு வருடம் தலைமைக் கோச், 16-16. காலின் கில்லஸ்பியும் ஜெர்மேன் சாமுவேல்ஸும் முடித்துவிட்டார்கள், ஜஸ்டின் மோர் எலீட் எய்டில் குதிகால் தசைநார் அறுந்து மறு ஜனவரி வரை வரவில்லை. என் கருத்தில் அவருக்குக் கொடுத்தது பாதி அணி, பூஜ்ஜிய அவகாசம்.

லான்காஸ்டர் சாலை எழுதியது:

டர்ஹம் நண்பரே, அவகாசம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முதல் வருடத்துக்கு அந்தக் காரணத்தை நானும் ஏற்றுக்கொள்வேன். மூன்றாவது வருடத்துக்கு அது பொருந்தாது.

ஏனென்றால் எரிக் டிக்சன் இருந்தார். ஆறு வருடம் இங்கேயே இருந்த உள்ளூர்ப் பையன், இந்த சீசனில் ஆட்டத்துக்கு 23.3 புள்ளி, நாட்டிலேயே முதலிடம். நாட்டின் முதல் ஸ்கோரரை வைத்துக்கொண்டு என்சிஏஏ போகவில்லை என்றால் அது அவகாசப் பிரச்சினை இல்லை.

ஜே ரைட் அணிகள் ஆடும்போது கூடைக்கு அருகே என்ன நடக்கும் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். கார்டு (வெளியிலிருந்து பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரன்) பந்தோடு உள்ளே போவான், இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பதியும், நின்றுவிடுவான். தடுப்பவன் காற்றில் பறந்து போய்விடுவான். இவன் ஒரு காலை ஊன்றி மெதுவாகத் திரும்பி, ஒரு பொய் எறி காட்டி, அப்புறம் வெளியே மூன்று புள்ளிக் கோட்டில் நிற்பவனுக்குக் கொடுப்பான். அவன் இன்னொருவனுக்குக் கொடுப்பான். நம் பழைய கார்டு ஜேலன் ப்ரன்சன் இன்றும் என்பிஏவின் நிக்ஸ் அணியில் அதையேதான் செய்கிறார். இந்தக் கடைசி மூன்று வருடமும் கால் வைப்பு அப்படியேதான் இருந்தது, நின்று திரும்பினார்கள். ஆனால் பந்து அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று, கடைசி ஐந்து நொடியில் டிக்சன் கையில் பந்தைத் திணிப்பது. பழக்கம் மிஞ்சியது, அதன் நோக்கம் காணாமல் போனது.

ஆறாம் ஆள் எழுதியது:

அண்ணா, நான் இப்போது இங்கே படிக்கும் மாணவன். நான் சேர்ந்த பிறகு அணி ஒரு மார்ச்கூடப் பார்க்கவில்லை. 2016இல் கிறிஸ் ஜென்கின்ஸ் அடித்ததை நாங்கள் வீடியோவில்தான் பார்க்கிறோம்: 4.7 நொடி, ஆர்ச் (ரயன் ஆர்ச்சிடியாகோனோ) பந்தைக் கொண்டுபோய்ப் பின்னால் வருபவனுக்குத் தட்டிவிடுவது, விளக்கு எரியும்போது பந்து காற்றில் இருப்பது. எங்களுக்கு நேரில் கிடைத்தது, போன நவம்பரில் நம் ஃபின்னரன் அரங்கிலேயே கொலம்பியாவிடம் 90-80 தோல்வி. அந்தக் கொலம்பியா ஐவி லீகில் கடைசி இடம். அதற்கு முந்தைய வருடம் உள்ளூர் அணிகளான பென், செயின்ட் ஜோசப்ஸ், ட்ரெக்ஸல் மூன்றிடமும் தோற்றோம். அதே வருட நவம்பரில் பஹாமாஸில் டெக்சஸ் டெக், நார்த் கரோலைனா, மெம்ஃபிஸ் மூன்றையும் வென்று கோப்பை வாங்கிய அணி அது! திறமை இல்லாத அணி இப்படி ஜெயிக்காது, ஒழுங்கான அணி இப்படித் தோற்காது.

ஒன்று சொல்லலாமா? நீங்கள் எல்லாரும் போர்ட்டலை வில்லனாக்குகிறீர்கள். என் வயதுப் பையன்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். கோச் போனால் மாணவன் மட்டும் ஏன் கட்டுண்டு கிடக்க வேண்டும்? வில்லர்டே மேரிலாந்தை விட்டு வந்துவிட்டார், அதை யாரும் துரோகம் என்று இங்கே எழுதவில்லை. டைலர் பெர்கின்ஸ் பென் அணியில் இருந்து நம்மைத் தோற்கடித்துவிட்டு, அடுத்த வருடம் நம்மிடமே வந்தார். இப்போது அணியில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

ஆரஞ்சு ஆட்டோ எழுதியது:

சிராக்யூஸ் ரசிகன் வந்திருக்கிறேன். உங்கள் துக்கத்தில் பங்கு கேட்க எனக்கு உரிமை உண்டு. எங்கள் கோச் ஜிம் பேஹைம் இருந்தது 47 சீசன். 2023 மார்ச்சில் ஒரு தோல்விக்குப் பிறகு சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவரிடம் ஆடியவர், அவரிடமே உதவிக் கோச்சாக இருந்தவர் ஏட்ரியன் ஆட்ரி வந்தார். முதல் வருடம் 20-12, நம்பிக்கை வந்தது. இந்த வருடம் 14-19.

நீங்கள் குறைந்தபட்சம் முடிவெடுத்தீர்கள். பெரிய கோச் போனபின் ஒரு ஊர் செய்யும் பெரிய தவறு, அவர் நினைவுக்கு மரியாதை செய்வதாக நினைத்து முடிவைத் தள்ளிப்போடுவது. பேஹைமின் 2-3 ஸோனை, அதாவது இடத்தைக் காக்கும் தடுப்பு முறையை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் தடுக்கும் முறைக்குப் போனோம். அதுகூட எங்கள் ஊரில் மதமாற்றம் போலப் பேசப்பட்டது.

பழைய ரசிகன் எழுதியது:

ஆறாம் ஆள் தம்பி சொன்னது மனதில் தைத்தது. சரிதான். நம் காலத்தில் விசுவாசம் என்று நாம் கொண்டாடியதில் பாதி, வேறு வழியில்லாமல் இருந்ததுதான். மாறிப் போனால் ஒரு வருடம் ஆட முடியாது என்று விதி இருந்தது. 2021க்குப் பிறகு அது இல்லை.

இருந்தாலும் ஒன்று. ஜே ரைட்டின் நான்காவது வருடம் பலித்ததற்குக் காரணம் 2002இல் சேர்ந்த ராண்டி ஃபோய், ஆலன் ரே, கர்ட்டிஸ் சம்டர், ஜேசன் ஃப்ரேசர் நான்கு பேரும் ஒன்றாக மூன்றாம் வருடத்துக்கு வந்தது. இரண்டு வருட அவமானத்தைச் சேர்ந்து தின்றவர்கள். அந்த மாதிரிக் கூட்டு விலைக்கு வாங்கக் கிடைக்காது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணம் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை, நான் பேசுகிறேன். வில்லர்ட் ஏன் வந்தார்? மேரிலாந்தில் வசதி போதவில்லை என்று போட்டி நடக்கும்போதே நிருபர்கள் முன்னால் சொன்னார். நம்மிடம் இருப்பது கூடைப்பந்துக்கென்றே செலவழிக்கும் மனம். ஹவுஸ் வழக்கு என்னும் நீதிமன்ற வழக்கின் சமரசப்படி, கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். பெரிய மாநிலக் கல்லூரிகளில் அதில் பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பாலுக்குப் போகும். நம் ஃபுட்பால் அணி கீழ்த்தட்டு எஃப்சிஎஸ் பிரிவில் ஆடுகிறது, அந்தச் சுமை நமக்கு இல்லை. பிக் ஈஸ்டுக்கே இது ஒரு வாய்ப்பு. யூகான் (கனெக்டிகட்) 2023, 2024 இரண்டு வருடமும் கோப்பை எடுத்தது, இந்த லீகிலிருந்துதான்.

இனி வில்லர்ட் மேல் எனக்கு இருக்கும் சந்தேகம். மேரிலாந்துக்கு முன் செட்டன் ஹாலில் பன்னிரண்டு வருடம், என்சிஏஏ போட்டியில் ஒரே ஒரு வெற்றி. ஸ்வீட் 16 என்பது இந்த வருடம்தான் அவருக்கு முதல் முறை. செட்டன் ஹாலில் முதல் ஐந்து வருடம் போட்டிக்கே போகவில்லை, ஆறாவது வருடம் 2016இல்தான் போனார், அதுவும் பிக் ஈஸ்ட் இறுதி ஆட்டத்தில் நம்மையே இரண்டு புள்ளியில் தோற்கடித்துவிட்டு. அன்று அவருக்குக் கிடைத்த பொறுமை இன்று யாருக்கும் கிடைக்காது. போதாக்குறைக்கு அவருடைய குரு ரிக் பிட்டினோ செயின்ட் ஜான்ஸில் உட்கார்ந்துகொண்டு இந்த வருடம் லீக் பட்டத்தையும் கோப்பையையும் சேர்த்து எடுத்திருக்கிறார். குருவை வருடத்துக்கு இரண்டு முறையாவது சந்தித்தாக வேண்டும்.

டர்ஹம் நீலம் எழுதியது:

எங்கள் பக்கத்து எதிரி நார்த் கரோலைனாவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 1997இல் டீன் ஸ்மித் போனார். உதவிக் கோச் பில் கத்ரிட்ஜ் வந்து மூன்று வருடத்தில் இரண்டு ஃபைனல் ஃபோர். பிறகு மாட் டோஹர்டி, 2001-02இல் 8-20. அப்புறம் 2003இல் ராய் வில்லியம்ஸ், 2005இல் கோப்பை. எதிரிதான், ஆனாலும் சொல்கிறேன்: அந்த 8-20 வருடத்துக்கு அடுத்து டோஹர்டி சேர்த்த ஃபெல்டன், மே, மெக்கான்ட்ஸ் மூன்று பேரும்தான் 2005 கோப்பையின் முதுகெலும்பு. நீக்கப்பட்ட கோச் விட்டுப்போனதில் எதைக் காப்பாற்றுவது என்று வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

லான்காஸ்டர் சாலை எழுதியது:

இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். வில்லர்ட் போர்ட்டலில் ஐந்தாறு பேரை எடுப்பார், எடுத்தே ஆக வேண்டும். டிக்சன், வூகா பாப்லர், லாங்கினோ எல்லாரும் முடித்துவிட்டார்கள். ஆனால் அவருடைய முதல் வேலை பெர்கின்ஸையும் மேத்யூ ஹாட்ஜையும் தக்கவைப்பது. ஹாட்ஜ் பெல்ஜியத்திலிருந்து வந்த பையன், இந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஆட விடாமல் என்சிஏஏ உட்கார வைத்தது. பிரிட்ஜஸ், ஸ்பெல்மேன் போல ஒரு வருடம் பயிற்சி மட்டும் செய்தவன் இன்றைய காலத்திலும் நம்மிடம் ஒருவன் இருக்கிறான்! அவனைப் போர்ட்டலுக்கு விட்டால் நான் நிஜமாகவே கோபப்படுவேன்.

பணத்தை வெளியிலிருந்து ஆள் கொண்டுவர மட்டும் செலவழிக்காமல், உள்ளே இருப்பவனை இரண்டாம், மூன்றாம் வருடத்துக்கு நிறுத்தி வைக்கவும் செலவழியுங்கள் என்பதுதான் என் வாதம். முன்பு விதி பிடித்து வைத்தது, இனி நாமே பிடித்து வைக்க வேண்டும். பேக்கர் டன்லீவியை 2023லேயே ஜெனரல் மேனேஜராக உட்கார வைத்திருக்கிறோம், இந்த வேலைக்குத்தான் அவர். ஐந்து பேரை வருடா வருடம் புதிதாகக் கோர்த்தால் ஒரு வருடம் நன்றாக வரும், அடுத்த வருடம் மறுபடி கொலம்பியாவிடம் தோற்போம்.

கணக்குப்பிள்ளை சார், வருடக் கணக்கு கேட்டீர்கள். நான் நான்கு வருடம் கொடுப்பேன். இரண்டாவது வருடத்துக்குள் என்சிஏஏ போக வேண்டும், ஆனால் போகவில்லை என்பதற்காக மட்டும் அனுப்ப மாட்டேன். முதல் வருடம் இருந்தவர்களில் மூன்று பேராவது இரண்டாம் வருடமும் இருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் மூன்றுக்கு மேல் கொடுக்க மாட்டேன். ஆறு வருடம் காத்திருந்த செட்டன் ஹால் இல்லை இது. 2014 முதல் 2021 வரை எட்டு சீசனில் ஏழு முறை பிக் ஈஸ்ட் லீக் பட்டத்தில் நம் பெயர் இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள்தான் இன்று நம்மைத் தேர்ந்தெடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். இன்னும் நான்கு வருடம் போனால் அவர்களுக்கு வில்லனோவா என்றால் நிக்ஸில் ஆடும் மூன்று பேரின் பழைய கல்லூரி, அவ்வளவுதான்.

ஆறாம் ஆள் எழுதியது:

சார், எனக்கு அவ்வளவு காலம் இல்லை, இன்னும் ஒரு சீசன்தான் மாணவர் பகுதியில் நிற்கப் போகிறேன். அதற்குள் ஒரு மார்ச் வேண்டும்.

பழைய ரசிகன் எழுதியது:

கிடைக்கும் தம்பி. நவம்பரில் முதல் ஆட்டத்துக்கே போய் நில். பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை நடத்தும் கார்டு) யார் என்று தெரியாமல் நாம் இங்கே பேசுவதெல்லாம் பாதிப் பேச்சுதான். 2006இல் நான்கு கார்டுகளை ஒன்றாக இறக்கியபோதும் சரி, ப்ரன்சன் காலத்திலும் சரி, இந்த அணி முதலில் கார்டுகளின் அணி. அந்த நால்வரில் ஒருவரான மைக் நார்டிதான் நெப்டியூன் போன பிறகு லாஸ் வேகாஸில், என்சிஏஏ போகாத அணிகள் ஆடிய கிரௌன் போட்டிக்கு அணியைக் கூட்டிப்போனார் என்பதையும் இங்கே ஒருவராவது சொல்ல வேண்டும், அவருக்கு நன்றி.

லான்காஸ்டர் சாலை எழுதியது:

நார்டிக்கு என் நன்றியும். போர்ட்டலில் இருக்கும் பாயிண்ட் கார்டுகள் பற்றித் தனி இழை ஒன்று இன்று இரவு தொடங்குகிறேன். யார் யாரைப் பார்த்திருக்கிறீர்களோ, அங்கே வந்து எழுதுங்கள்.